குப்பைமேட்டுப் பனி

மேகம் மூடிய காலையில், நகராட்சிக் குப்பைமேடு புது மாப்பிள்ளை மாதிரி மினுங்குகிறது. உள்ளே மாதக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கிற நெருப்பை மறைக்க நேற்றுதான் செம்மண் கொட்டி மூடினார்கள். தூசி பறக்கக் கூடாதென்று இன்று தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் வினை. சூடேறிய மண்ணிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி எழும்பி, மேட்டின் மேல் சோம்பலாகப் படுத்துக் கிடக்கிறது. பார்க்க அழகாகக்கூட இருக்கிறது. சோதனைக்கு வந்த சுற்றுச்சூழல் அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்.

“பனிங்க மேடம்,” என்கிறார் நகராட்சி மேற்பார்வையாளர்.

கம்பிவேலிக்கு வெளியே நிற்கும் கிழவருக்குச் சிரிப்பு வருகிறது. “ஆமாம்மா, எங்க தெருவுக்குன்னே விடுற பனி. அதைக் குடிச்சுக் குடிச்சுத்தான் என் பொண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறா.”

“பெரியவரே, கொஞ்சம் சும்மா இருங்க,” என்கிறார் மேற்பார்வையாளர்.

“சும்மா இருந்துதானேப்பா மேடு இம்புட்டு உசரம் வந்துச்சு.”

வந்த அதிகாரிகளெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனவர்கள்தான். இந்த அம்மாவும் ஆட்டிவிட்டால் மேடு இங்கேயேதான். கிழவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அதிகாரியம்மா குனிந்து ஈரமண்ணில் உள்ளங்கையை வைக்கிறார். வைத்த வேகத்தில் எடுத்து, கையை உதறுகிறார்.

“இந்த இடத்தைத் தோண்டச் சொல்லுங்க.”

ஓரமாக நின்ற மண் தோண்டும் இயந்திரத்தின் இரும்புக்கை மெல்ல இறங்குகிறது. கரும்புகை சுருள் சுருளாக அவிழ்ந்து, ஒரு அவசரமும் இல்லாமல், கிழவரின் தெருப்பக்கம் நகர்கிறது. மறைத்த நெருப்பு அம்பலமாகிவிட்டது; அவர் இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் நின்று பார்க்கவில்லை. மனைவி படுத்திருக்கும் அறையின் ஜன்னலைச் சாத்த வீட்டுக்கு ஓடுகிறார்.