குட்டை ஸ்ட்ரா

லவெர்ன் கையில் வந்தது குட்டை ஸ்ட்ரா.

டவுன் ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். அவளை எதிர்த்து நின்ற சர்ச் டீக்கன் கர்ட்டிஸ், ஜெயித்த அடையாளமாகத் தன் கைக்கு வந்த நீள ஸ்ட்ராவை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். மில்க்‌ஷேக் குடிக்கிற அதே பச்சை ஸ்ட்ராதான். கவுன்சிலர் தேர்தலில் இரண்டு பேருக்கும் சமமாக நூற்று அறுபத்துமூன்று ஓட்டு விழுந்துவிட்டால், மிசிசிப்பியில் சட்டம் இப்படித்தான் ஆளைப் பொறுக்குகிறது.

“மனசை விடாதீங்க சிஸ்டர். கர்த்தர் சில சமயம் ஸ்ட்ரா வழியாவும் பேசுவார்,” என்றார் கர்ட்டிஸ்.

“அப்போ எங்க வீட்டுக் குழாய் வழியா என்ன பேசறார்னு வந்து குடிச்சுப் பாருங்க டீக்கன்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். லவெர்ன் சிரிக்கவில்லை. அவர்கள் பகுதிக் குழாய்களில் மூன்று வருஷமாகத் துருத்தண்ணீர்தான். கவுன்சிலராக இருந்த கர்ட்டிஸ் ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்றதோடு கடமையை முடித்துக்கொண்டார். குழாயை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் லவெர்ன் தேர்தலில் நின்றாள். இனி நாலு வருஷத்துக்கு அதே தண்ணீர்தான்.

கடைசி வரிசையில் அவள் புருஷன் ஹோசியா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓட்டு கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். இருபத்திரண்டு வயதில் ஒரு கடையின் பூட்டை உடைத்து உள்ளே போனவர், எதையும் தொடுவதற்குள் மாட்டிக்கொண்டார். நாலு வருஷம் சிறை. விடுதலையன்று காவலர் பஸ் டிக்கெட்டைக் கையில் திணித்து, “துப்பாக்கி, ஓட்டு, ரெண்டையும் மறந்துடு” என்று சொல்லி அனுப்பினார். முப்பது வருஷமாக ஹோசியா இரண்டின் பக்கமும் போகவில்லை.

தேர்தலன்று தன் பழைய வேனில் நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு போய் வாக்குச்சாவடி வாசலில் இறக்கினார். ஒவ்வொரு நடைக்கும் வேனிலேயே காத்திருந்தார். கடைசி நடையில் லவெர்ன் ஜன்னல் பக்கம் வந்தாள்.

“வாசல் வரைக்கும் வந்துட்டே. உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாரேன்.”

“ஜெயில்காரன் கள்ள ஓட்டுப் போட வந்தான்னு கர்ட்டிஸ் கிளப்பிவிடுவான். உன் பேரும் சேர்ந்து நாறும். என்னை மறுபடி உள்ள வைப்பாங்க. நீ போய்ப் போட்டுட்டு வா.”

“உள்ள இருந்தப்போ பக்கத்துக் கட்டில் பெர்ஸி தபால்ல ஓட்டுப் போட்டான்னு நீதானே சொன்னே?”

“அவன் அரைக்கிறுக்கன். மொத்த ஜெயிலும் அவனைப் பார்த்துச் சிரிச்சுது.”

அதோடு பேச்சு முடிந்துபோயிற்று.

இப்போது கூட்டம் கலைந்ததும் லவெர்ன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒரே ஒரு ஓட்டு, ஹோசியா. ஸ்ட்ரா வரைக்கும் வந்தே இருக்காது.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக வெட்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

“எந்திரி. அடுத்த தடவை நீ நிக்கறப்போ எனக்கு ஓட்டு இருக்கணும். எவன் கால்ல விழணுமோ விழறேன்.”

அதே கட்டடத்தில், கிளார்க் மேசையில் மிஸ் கோரா இருந்தாள். போன மாதம்தான் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவள். ஊர்க்கதை ஒன்றும் தெரியாது. ஹோசியா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“என் பேர் ஹோசியா கிரேவ்ஸ். ஓட்டுரிமையைத் திருப்பிக் கேட்க ஒரு மனு வேணும்மா. நான் ஜெயிலுக்குப் போனவன்.”

“அதுக்கு சட்டசபைல உங்க ஒருத்தர் பேருக்கே தனியா மசோதா போடணும், மிஸ்டர் ஹோசியா. மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கணும். லேசுல ஆகாது.”

“ஆகற வரைக்கும் அலையறேன்.”

“என்ன குற்றம்?” அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். “ஓட்டைப் பறிக்கிற குற்றமெல்லாம் இதுல இருக்கு. கொலை, கொள்ளை, திருட்டு, கள்ளக் கையெழுத்து, ரெண்டு கல்யாணம்...”

“ஒண்ணையே சமாளிக்க முடியலை,” என்றார் ஹோசியா. லவெர்ன் அவர் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். “பூட்டை உடைச்சு உள்ள புகுந்தேன்மா. எடுக்கறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. அந்த ஒரு கேஸ்தான்.”

மிஸ் கோராவின் விரல் தாளில் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போய், இந்தத் தடவை மெதுவாக இறங்கியது. பிறகு தடித்த வாக்காளர் பட்டியலை இழுத்துப் புரட்டினாள்.

“ஓட்டுக்கு எப்போ பேர் கொடுத்தீங்க?”

“பதினெட்டு வயசுல. எங்கப்பா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார். அதையெல்லாம் எப்பவோ அடிச்சிருப்பாங்க, விடுங்க.”

அவள் பட்டியலை அவர் பக்கமாகத் திருப்பி, அடித்தல் திருத்தல் இல்லாத ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். ஹோசியா கிரேவ்ஸ் என்று இருந்தது. குத்திக்காட்ட அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

“திருட்டு இருக்கு, ஆனா பூட்டை உடைச்சுப் புகுந்தது இந்தத் தாள்லயே இல்லையே. போன வாரம் நீங்க ஏன் ஓட்டுப் போட வரலை, மிஸ்டர் ஹோசியா?”