கத்தரி மேடம்

"வாங்கறதா இருந்தா தொடுங்க. இல்லேன்னா கையழுக்கு ஒட்டும்."

பின்னாலிருந்து வந்த குரலுக்கு, நீலக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்த கை தானாக விலகியது.

அவளுக்கு வேலை, சட்டைக் கம்பெனியில் காஜா எடுப்பது. நாளெல்லாம் பட்டன் துளை தைத்துத் தைத்து, சொந்தப் பெயரே மறந்து காஜாக்காரி ஆகிப்போனவள். குரலுக்குச் சொந்தக்காரி, அந்தப் பெரிய கடையில் பெண்கள், குழந்தைகள் பிரிவின் சூப்பர்வைசர். கழுத்தில் சதா கத்தரிக்கோல் தொங்குவதால், விற்பனைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கத்தரி மேடம்.

தலைக்கு மேலே பேனர் சிரித்தது: 'குளிர்காலத் தள்ளுபடி இன்றே கடைசி! எல்லாக் குழந்தைக்கும் கதகதப்பு!'

கடைக்குத்தான் குளிர்காலம் முடிந்திருந்தது. வெளியே வாயைத் திறந்தால் இன்னும் புகை வந்தது. கூட வந்திருந்த எட்டு வயது மகளுக்குப் போன வருஷத்துக் கோட்டு முழங்கையோடு நின்றுவிட்டது. மூச்சு விட்டால் நெஞ்சில் விசில். "இன்னொரு தடவை சளி பிடிச்சா ஆஸ்பத்திரியிலே படுக்க வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காஜாக்காரிக்குத்தான் மூச்சு முட்டியது.

விலைச்சீட்டை மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தார்கள். மூன்றாவது விலையும் அவள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது.

"கடை மூடறதுக்குள்ளே இன்னும் குறையுமா மேடம்?"

"குறையற மட்டும் குறைஞ்சாச்சு. காய்கறிச் சந்தையா இது?"

"நாலு நாள் எடுத்து வெச்சீங்கன்னா..."

"ஆறு மணிக்கு மேலே இங்கே எதுவும் இருக்காது."

"அப்போ மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?"

"வெட்டிப் போடுவோம்."

"புதுத் துணியையா?"

"சும்மா கிடைக்கும்னு தெரிஞ்சா, அடுத்த வருஷம் எவ காசு கொடுத்து வாங்குவா? மேலிடத்து உத்தரவு."

"அம்மா, இதுக்குள்ளே ஒரு ரகசிய பாக்கெட் இருக்கு!" என்று கோட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

மேடம் கோட்டை உருவி, சிறுமியின் முதுகில் வைத்துப் பார்த்தாள். "தோள் ரெண்டு விரல் பெரிசு." பிறகு காஜாக்காரியின் விரல் நுனியைப் பார்த்தாள். "ஊசித் தழும்பா? தையல் வேலையா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லே. தைக்கிறவ பிள்ளைக்கே கோட்டு இல்லையேன்னு பார்த்தேன்."

சுருக்கென்றது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, கடன் கேட்க அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கூட வேலை செய்கிறவளுக்குப் போட்டாள். அவளிடம் பணம் இல்லை. ஒவ்வொரு தடவை யாராவது நீலக் கோட்டைக் கையிலெடுத்தபோதும் ஓரடி முன்னால் வந்தாள். அவர்கள் திரும்ப மாட்டியபோது கடிகாரத்தைப் பார்த்தாள். விற்றாலும் போச்சு, விற்காவிட்டாலும் போச்சு.

ஆறு மணி. ஷட்டர் பாதி இறங்கியது. மேனேஜர் கைகட்டி வந்து நின்றார்.

"போன தடவை முழுசா ஒண்ணு வெளியே போயிடுச்சுன்னு எனக்குச் செம டோஸ். ஒண்ணு விடாம முடிங்க."

"என்கிட்டேயிருந்து எதுவும் முழுசாப் போகாது சார்."

மேடம் மிஞ்சியதையெல்லாம் மேஜையில் குவித்தாள். நீலக் கோட்டின் அக்குளில் கத்தரியை நுழைத்தாள். டர்ர்ர். ஒரு கை தனியே விழுந்தது. டர்ர்ர். மறு கை. பிறகு முதுகு.

காஜாக்காரிக்குத் தன் தோலையே உரித்த மாதிரி இருந்தது.

"பாவி! பச்சப் பிள்ளை போடுறதை இப்படிக் கிழிக்கிறியே, உனக்கெல்லாம் பிள்ளைகுட்டி இல்லையா? அந்தக் கை விளங்குமா?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மேடம் நிமிரக்கூட இல்லை. குரலை மட்டும் உயர்த்தினாள்.

"இங்கே நின்னு கத்தாதே! மூட்டையெல்லாம் பின்வாசலுக்குப் போகுது. குப்பை வண்டி வர அரை மணி ஆகும். அதுவரைக்கும் அங்கே எவளாவது நின்னீங்க, நடக்கிறதே வேறே!"

தெருவில் குளிர் முகத்தில் அறைந்தது. மகள் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு இருமினாள்.

"அம்மா, பட்டனையாவது எடுத்துக்கலாமா? ஆறு இருந்துச்சு."

"மிரட்டினாளே, கேட்கலையா?"

"அரை மணி இருக்குன்னும் சொன்னாங்களே!"

பின்வாசலில் யாரும் இல்லை. மூட்டையின் முடிச்சு பேருக்குத்தான் போட்டிருந்தது. மேலாகவே கிடந்தது நீலம். கையிலெடுத்துப் பட்டனைத் தேடினாள்.

கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் பார்த்துவிட்டது.

துணியில் வெட்டே இல்லை.

கை சேர்கிற இடம், முதுகு மூட்டு, எல்லாம் தையலோடு தையலாகப் பிரிந்திருந்தது. நூல் அறுந்திருந்ததே தவிர, ஓர் இழை சேதமில்லை. ஒருவேளை தற்செயலோ? இன்னொன்றை இழுத்தாள். குழந்தைக் கவுன். பிறகு ஒரு பெண்ணின் ஜாக்கெட். அதற்கடியில் இருந்ததும். அத்தனையும் அப்படியே, ஊசி தெரிந்தவள் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை.

"ஆ! அம்மா, ரகசிய பாக்கெட்டுலே என்னமோ குத்துது!"

மகள் வெளியே எடுத்தாள். ஊசி செருகிய ஒரு நூல்கண்டு. அதே நீலம்.

இருவரும் மூடிய கதவைப் பார்த்தார்கள். உள்ளே இன்னும் டர்ர்ர், டர்ர்ர் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்தக் கை விளங்குமான்னு கேட்டியே?"

"விளங்கும்டி," என்றாள். "நல்லா விளங்கும்."