பெரிஹான் அளவுக்கு

"கழுத்தைத் திருப்ப முடியலடி, நரம்பு இழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்றாள் நெஃபிசே. பின்னுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னுவதுதான் அவள் பழக்கம். தடித்த நூலென்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இது தலைமுடி போல மெல்லியது. ஸ்வெட்டரோ தொடை வரை இறங்க வேண்டும். விடிந்ததிலிருந்து பின்னினாலும் பொழுது சாய்கையில் நாலு விரல் நீளம்கூடத் தேறாது. இருபத்தாறு நாளாய்க் கழுத்து அறுபடுகிறது.

"இழுக்கட்டும், நல்லா இழுக்கட்டும்" என்றாள் பக்கத்து வீட்டு குல்சும். "உன் பொண்ணு பெரிஹானை ஒன்பது வருஷம் சக்கையாப் பிழிஞ்சுட்டு, கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தையில மில்லை விட்டுத் துரத்துனாங்க. அந்த முதலாளி பொண்டாட்டிக்கு நீ ஸ்வெட்டர் பின்னுறே. வெக்கமா இல்ல, அக்கா?"

"வேலைக்கு என்னடி வெக்கம்?"

"நியாயம் கேக்க மூணு தடவை அந்த வீட்டுக்குப் போனே. மூணு தடவையும் காவக்காரன் கேட்டோட திருப்பி அனுப்பிட்டான். மறந்துட்டியா?"

"மறக்கல. இப்ப அந்தக் கேட்டு தானாத் திறக்கும் பாரு."

"திறந்து? கால்ல விழப் போறியா?"

நெஃபிசேயின் கையிலிருந்த நூல் உருண்டை தீர்ந்திருந்தது. ஸ்டூலைக் கவிழ்த்து, அதன் கால்களில் புது நூல் சிட்டத்தை மாட்டி, நூலை உருட்டத் தொடங்கினாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரிஹான்தான் வாயைத் திறந்தாள்.

"அம்மா போகட்டும், குல்சும் அக்கா. நானும் கூடப் போறேன்."

"போங்க, போங்க. தாயும் மகளும் போய்க் குனிஞ்சு நில்லுங்க. அந்த மகாராணிக்கு அளவு குடுக்கக்கூட இந்தத் தெருவுக்கு வர முடியலையாமே?"

அது உண்மை. நூல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியவன் மில் டிரைவர் ரிஸா. "முதலாளியம்மாவுக்கு நேரமில்லையாம். போன பெருநாளுக்கு முன்னாடி வீடு கழுவ வந்தப்ப, அவங்க பழைய கோட்டு உங்க பெரிஹானுக்குக் கச்சிதமாப் பொருந்திச்சாம். அவ மேலயே அளவெடுத்துப் பின்னச் சொன்னாங்க. ஒரு இம்மி பிசகக் கூடாதாம்" என்றான். சொல்லி முடிக்கும்வரை தரையையே பார்த்தான்.

"ஸ்வெட்டர் எப்ப முடியும்?" என்று நெஃபிசேயிடம் குல்சும் கேட்டாள்.

"உடம்பு முடிஞ்சிடுச்சு. கை வைக்கிற வேலைதான் மிச்சம். அது சீக்கிரம் ஆயிடும்."

வியாழக்கிழமை முதலாளி மனைவி ஷெர்மின் வீட்டு முறை. மாதம் ஒரு வீடாகக் கூடிப் பேசித் தின்னும் பணக்காரப் பெண்கள் பதினைந்து பேர் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். காவல்காரன் மறுபேச்சில்லாமல் கேட்டைத் திறந்தான். நெஃபிசேயும் பெரிஹானும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். வேலைக்காரி கோட்டுகளை வாங்கக் கை நீட்டினாள். பெரிஹான் மட்டும் கோட்டைக் கழற்றித் தரவில்லை.

"வா நெஃபிசே, உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்." ஷெர்மின் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தாள். தோழிகள் பக்கம் திரும்பி, "கடைச் சரக்கு இல்ல. நம்ம மில்லு நூலு, கைப்பின்னல்" என்றாள்.

ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியையும் கீழ்க்கரையையும் நாலு பேர் தடவிப் பார்த்தார்கள்.

"ஐயோ, காத்தாட்டம் இருக்கே!"

"சுருட்டினா தேநீர்க் கிளாஸுக்குள்ள அடங்கிடும் போல."

"போட்டுக் காட்டு ஷெர்மின், போட்டுக் காட்டு!"

ஷெர்மின் தலை வழியாக மாட்டினாள். நீளம் சரியாகத் தொடையில் வந்து நின்றது. இடது கை சுலபமாக நுழைந்து வெளியே வந்தது. வலது கை மட்டும் உள்ளே வழி தேடி முட்டி மோதியது, சாக்கில் கட்டிய பூனை மாதிரி. கூடம் சிரித்தது.

"என்னடி இது, புது ஃபேஷனா?" என்றாள் ஒருத்தி.

ஷெர்மின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த இடம் நெருக்கமான கண்ணிகளால் ஒழுங்காக மூடப்பட்டிருந்தது. அவள் முகம் சிவந்தது.

"இவ்வளவு பேர் முன்னாடி என்னைக் கேலிப்பொருளாக்க வந்தியா? ஒரு கையைப் பின்ன மறந்துட்டியா?"

"மறக்கலைம்மா. ரெண்டு தடவை அளந்தேன்."

"எதை அளந்தே? பெரிஹான் அளவுக்குப் பின்னுன்னுதானே சொல்லி அனுப்பினேன்!"

"அதுல ஒரு இம்மி பிசகல." நெஃபிசே வலித்த கழுத்தை நிமிர்த்தி நின்றாள். "கோட்டைக் கழட்டும்மா, பெரிஹான்."

ஷெர்மின் வீட்டுப் பழைய கோட்டுதான் அது. பெரிஹான் இடது கையாலேயே பித்தான்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கோட்டு நழுவி விரிப்பில் விழுந்தது. வலது தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"கம்பளி சீவுற மிஷின்ல தடுப்புத் தகடு கழண்டு போச்சுன்னு மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்கா" என்றாள் நெஃபிசே. "பின்னுன கூலி எனக்கு வேண்டாம். ஆனா உங்க மில்லு என் பொண்ணுக்கு ஒரு கை பாக்கி."