மூடி மேல நாற்காலி

காலையில எட்டு மணிக்கு உக்காந்தவர், மதியம் பன்னெண்டு ஆகியும் எந்திரிக்கல.

ஆரப்பாளையத்துல எங்க காம்பவுண்டுக்குள்ள எட்டு வீடு. எட்டுக்கும் சேத்துப் பின்பக்கம் ஒரே கழிவுக்குழி. அந்தக் குழியோட சிமெண்ட் மூடி மேல பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு, கையில தஸ்பீஹ் மணியோட உக்காந்திருந்தார் மூணாம் நம்பர் வீட்டு முகைதீன் பிச்சை பாய்.

தெருவுல பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிச்சாச்சு. "பழைய குழியக் காலி பண்ணி மண்ணப் போட்டு மூடுங்க, அப்பத்தான் கனெக்‌ஷன். நாலு மணிக்கு மேல அடுத்த தெருவுக்குப் போயிருவோம்"னு காண்ட்ராக்டர் ஆளு சொல்லிட்டான். போனா, திரும்பி வர ரெண்டு மாசம் ஆகும்.

ஞாயித்துக்கிழமை எம் மக ஆர்த்திகாவுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டுல இருந்து நாப்பது பேர் வாராக. இங்க குழி பொங்கி வாசல்ல கால் வைக்க முடியல. எனக்கு எப்படி இருக்கும்?

லாரிய வச்சு உறிஞ்சலாம்னா, எங்க சந்துக்குள்ள ஓஸ் எட்டாது. அதான் குழிக்குள்ள எறங்கி அள்ளுற வீரணனப் புடிச்சேன். வாளியும் கயிறுமா அவனும் காலையில இருந்து காத்துக் கெடந்தான்.

"பாய், எந்திரிங்க."

"பொறுங்க தங்கச்சி. லாரி வரும்."

"மூணு லாரிக்காரன் எட்டாதுன்னு கைய விரிச்சிட்டான். இனி எந்த லாரி வருது?"

"வரும்."

"வீரணன் எறங்குனா உங்களுக்கு என்ன கஷ்டம்? அதச் சொல்லுங்க."

பாய் வீரணனப் பார்த்தார்.

வீரணனுக்கும் பொறுமை போயிருச்சு. "என் பொழப்பக் கெடுக்காதீங்க பாய். ஒரு மணி நேர வேலை."

"நீ சாப்ட்டியாப்பா?"ன்னு அவன்கிட்ட கேக்குறார், சம்பந்தமே இல்லாம.

எனக்குப் புரிஞ்சு போச்சு. அவர் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழதான் குழி. வாளியில அள்ளுனா நாறும். அதுக்குத்தான் இம்புட்டு அடம்.

அஞ்சாம் நம்பர் ஜெயபாண்டி என் காதுக்கிட்ட வந்தான். "அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு எந்திரிச்சுத்தான ஆகணும்? அந்த நேரம் மூடியத் தூக்கிருவோம்."

பாங்கு கேட்டுச்சு. பாய் எந்திரிக்கல.

ஒம்போது வருசமா பாக்குறேன், காய்ச்சல்ல கெடந்தாக்கூட ஜும்மாவ விட்ட மனுசன் இல்ல.

"தொழுகைய விட்டுட்டு அடுத்தவுக வயித்தெரிச்சலக் கொட்டிக்கிறீகளே பாய், அல்லா மன்னிப்பாரா?"

"அவன் மன்னிச்சிருவான் தங்கச்சி."

"நான் மன்னிக்க மாட்டேன்."

பாய் தலையக் குனிஞ்சு மணிய உருட்டிக்கிட்டே இருந்தார்.

மணி ஒண்ணரை இருக்கும். சந்து முனையில லாரிச் சத்தம். பாயோட மருமகன் தவ்பீக் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "திருப்பரங்குன்றம் வரைக்கும் அலைஞ்சுட்டேன் மாமா. ரெண்டு லாரி ஓஸ ஒண்ணாச் சேத்துக் கொண்டாந்திருக்கேன், எட்டிரும்."

அப்புறந்தான் பாய் நாற்காலிய விட்டு எந்திரிச்சார். கால் மரத்துப் போயி, செவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னார். ஓஸ் இழுக்குறதுக்கு வீரணனையே கூலிக்குச் சேத்துவிட்டதும் அவர்தான்.

மூணு மணிக்குள்ள குழி காலி. மண்ணும் விழுக ஆரம்பிச்சிருச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு.

"நாத்தத்துக்காகத்தான் அடம் புடிக்கிறீகன்னு நெனச்சு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன் பாய்."

வீரணன் ஓஸச் சுருட்டிக்கிட்டு சந்து முனைக்குப் போற வரைக்கும் பாய் பேசல. அப்புறம் குரலத் தாழ்த்திக்கிட்டார்.

"அவன் அப்பன் நெஞ்சு வலியில போனதாத்தான் அவனுக்குத் தெரியும் தங்கச்சி. அப்ப அவனுக்கு ரெண்டு வயசு."

"நெஞ்சு வலி இல்லையா?"

"இந்தக் குழிதான். விஷவாயு." மண்ணு விழுகறதையே பாத்துக்கிட்டிருந்தார். "அப்ப எம் மக ருமானாவுக்கு ரெண்டு நாள்ல நிக்காஹ். குழி பொங்கிருச்சு. அவசரம்னு இவன் அப்பன எறக்கிவிட்டது நான்தான்."