மவுஸ் இல்லாத மைனர்

"மானிட்டரை ஆன் பண்ணு!"

"வேண்டாம் சார்."

கம்ப்யூட்டர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. செய்முறைத் தேர்வு நடக்கிற நேரம். வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்த மேடம் பக்கத்திலேயே நிற்கிறார். இந்த நேரம் பார்த்தா இவள் மானத்தை வாங்க வேண்டும்?

இவளுக்கு வகுப்பில் பட்டப்பெயர் மைனர். பொருளாதாரம் மேஜர், துணைப்பாடமாகக் கம்ப்யூட்டர் மைனர் என்று எல்லோரும்தான் எடுத்துப் படிக்கிறார்கள். ஆனால் லேட்டாக வந்தாலும் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, லேப் தன் சொந்த வீடு மாதிரி நடந்து வருகிறவள் இவள் ஒருத்திதான்.

இன்றைக்கு அந்தத் தோரணை எல்லை மீறிவிட்டது. மானிட்டரை அணைத்துவிட்டாள். மவுஸைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டாள். காதில் இயர்போன் வேறு.

கொஞ்ச நேரம் முன்னால்தான் இவளைக் காட்டி மேடத்திடம் பெருமையடித்திருந்தார் சார்.

"முதல் டெஸ்ட்ல ஃபெயில் மேடம் இந்தப் பொண்ணு. நான் விடுவேனா? தேத்தி எடுத்தேன். இப்ப கிளாஸ்லயே முதல் மார்க்!"

அடித்த பெருமையின் சூடு ஆறுவதற்குள் இப்படி.

"எக்ஸாம்ல பாட்டு கேக்குதோ உனக்கு?" இயர்போனைப் பிடுங்கித் தம் காதில் வைத்தார்.

பாட்டு இல்லை. உணர்ச்சியே இல்லாத ஒரு குரல், "பி நாலு, காலி. பி அஞ்சு, காலி" என்றது.

"காப்பியடிக்கிறா மேடம்! யாரோ வெளியிலேருந்து பதில் சொல்றாங்க!"

"'காலி'ங்கிறது எந்தக் கேள்விக்கு சார் பதில்?" என்றாள் மைனர்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாருக்கு வந்ததே கோபம்.

"எழுந்திரு! வெளியே போ! உனக்கு முட்டைதான்."

"முடிச்சுட்டுப் போறேன் சார். அப்புறம் முட்டை போடுங்க."

இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து விரல்கள் மறுபடி ஓடின.

மேடம்தான் சாரைக் கையமர்த்தினார். "இருங்க சார். என்னதான் பண்றாள்னு பாப்போம்."

இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்தாள். அட்டவணையில் பி நாலு, பி அஞ்சு என்று காலியாக இருந்த கட்டங்களை நிரப்பினாள், கூட்டல் போட்டாள். மூலையில் இருந்த பிரிண்டர் முனகிக்கொண்டே தாள்களைத் துப்பியது. மேடம் பேனாவைத் திறந்துகொண்டு தப்பு தேடினார். தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அது என்ன குரல்மா?"

"திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற குரல் மேடம்."

"யாரைக் கேட்டு அந்த சாஃப்ட்வேரை ஏத்தினே?" சார் பாய்ந்தார்.

"யாரும் ஏத்தலை சார். இந்த லேப்ல எல்லா மெஷின்லயும் முதல் நாள்லேருந்தே இருக்கு. ஆன் பண்ணணும், அவ்வளவுதான்."

தம்முடைய லேப் மெஷினை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார் சார்.

"சரி, கண்ணு நல்லாத் தெரியுற உனக்கு எதுக்கும்மா இது?" என்றார் மேடம்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் எழுந்து நின்றாள். கோபத்தில் படபடவென்று பொரிந்தாள்.

"ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டுக்குக் கண்ணு தெரியாது மேடம். போன வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்த மைனருக்கு அப்ளிகேஷன் போட்டோம். எனக்குக் கிடைச்சுது. அவகிட்ட சார், 'திரையைப் பாக்காம, மவுஸைப் பிடிக்காம கம்ப்யூட்டர் எப்படிம்மா கத்துக்க முடியும்? வேற ஏதாவது லேசா எடுத்துக்கோ'ன்னுட்டார். ஒரே ஒரு தடவை உக்காந்து காட்டறேன் சார்னு கெஞ்சினா. மெஷின் பக்கத்துலயே விடலை. இந்த வருஷமும் போட்டா. நேத்து அதே பதில். முடியுமா முடியாதான்னு இப்ப நீங்களே சொல்லுங்க மேடம். என் மார்க்கைக் கழிக்கிறதுன்னா தாராளமா கழிச்சுக்குங்க. அவளைக் கழிக்காதீங்க!"

சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ அவசரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மேடம் அவரிடம் திரும்பினார். "அந்த அப்ளிகேஷனை எடுத்துட்டு வாங்க சார். பிரின்சிபாலை நானே பாக்கறேன்."

பிறகு மைனரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு மனசு இளகிவிட்டிருந்தது.

"பெரிய மனசும்மா உனக்கு. அவளுக்காக இதெல்லாம் கத்துக்கிட்டு, ரூமுக்குப் போய் அவளுக்கும் சொல்லிக்கொடுக்கிறே, இல்ல?"

அத்தனை கோபத்திலும் மைனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானா? முதல் டெஸ்ட்ல ஃபெயிலாகி அழுதுட்டிருந்த என்னைத் தேத்தி எடுத்ததே அவதான் மேடம்!"