இருபத்தைந்து கிலோ, இரண்டு மாடி

"நான் கீழ நின்னு பாக்கறேன். நீங்க ஏறுங்க" என்றாள் மனைவி.

பழைய புத்தகங்களைத் திணித்து, எடை பார்த்துக் கட்டிய அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி அவர் படியேறத் தொடங்கினார். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் எழுந்து வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

நாற்பது நாளாக இதே கூத்துதான். படி திரும்புகிற இடத்தில் முதல் நாளே மனைவி ஒரு பழைய மெத்தையைக் கொண்டுவந்து விரித்துவிட்டாள். இந்த வயதில் இடுப்பெலும்பு போனால் யார் பார்ப்பது என்பது அவள் கவலை.

முழங்கால் நறநறவென்றது. ஆனாலும் நிற்காமல் இரண்டாவது மாடி வரை போய், பெட்டியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இன்னைக்கும் சரியா வரலை."

"வந்துடும்."

"டெஸ்டே இன்னைக்குத்தான். இனி எப்ப வரப்போகுது?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். கண்ணாடிச் சாமான் கிடங்கில் நாற்பத்தோரு வருஷமாகப் பெட்டி தூக்குகிறவர் அவர். அறுபதில் ஓய்வு என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். அறுபது நெருங்கியதும் அறுபத்திரண்டு என்றார்கள். அறுபத்திரண்டு நெருங்கியதும் அறுபத்தைந்து.

ஓய்வு வயதை ஒரு கையெழுத்தில் உயர்த்திவிடலாம். முழங்காலுக்கு யார் உத்தரவு போடுவது? அதற்காகத்தான் இந்தப் பரீட்சை. அறுபத்திரண்டு முடிந்தவர்கள் இருபத்தைந்து கிலோ பெட்டியோடு இரண்டு மாடி ஏறிக் காட்ட வேண்டும். பாதியில் தாமாகவே இறக்கி வைத்தால், வேலை செய்ய மறுத்ததாக எழுதிவிடுவார்கள்.

வேலைக்குப் போகிற வழியில் பூங்கா பெஞ்சில் கட்டைமீசை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கூட வேலை செய்தவர், போன வாரப் பரீட்சையில் தேறாமல் போனவர். மடியில் பேப்பர் விரிந்து கிடந்தது, அதைக்கூடப் படிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் இவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்.

கிடங்கு வாசலிலேயே மேற்பார்வையாளர் காத்திருந்தார். நல்ல மனிதர், எல்லாருக்கும் நல்லது செய்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்.

"அண்ணே, ராத்திரியெல்லாம் உங்க நினைப்புதான். தேறலைன்னா பென்ஷனைக் கையில குடுத்து இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இத்தனை வருஷம் உழைச்சவரை அப்படி அனுப்ப எனக்கு மனசே வரலை."

"பாப்போம்" என்றார் இவர்.

"பதட்டப்படாம ஏறுங்க. உங்களால முடியும்."

டாக்டர் நாடி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெட்டிக்குள் உண்மையான கண்ணாடித் தம்ளர்கள்தான் இருந்தன. தூக்கினார். மேற்பார்வையாளரும் கிடங்கு ஆட்களும் படியோரமாக நின்று பார்த்தார்கள். முதல் மாடியைத் தாண்டினார். உடம்பு தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது, அவர் எங்கேயோ நின்று அதை வேடிக்கை பார்ப்பது போலிருந்தது.

திருப்பத்துக்கு மேலே நாலாவது படியில் இடது கால் வழுக்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெட்டியும் சாய்ந்தது. உள்ளே தம்ளர்கள் கிணுகிணுத்தன. யாரோ "ஐயோ" என்றார்கள்.

அவர் தோளைச் சுவரில் கொடுத்து, முழங்காலைப் படியில் ஊன்றி, இரண்டு கைகளாலும் பெட்டியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். யோசித்துச் செய்ததல்ல. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எழுந்து, மீதிப் படிகளையும் ஏறி, பெட்டியை வைத்தார். திறந்து பார்த்தார்கள். ஒரு தம்ளரில்கூடக் கீறல் இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "அறுபத்தஞ்சு என்ன, எழுபது வரைக்கும் தூக்குவீங்கண்ணே" என்று முதுகில் தட்டினார். டாக்டர் ஒரு தாளில் 'தகுதி உண்டு' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை வழக்கம்போலப் பெட்டி தூக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மனைவி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் தாளை நீட்டினார். வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்ப பென்ஷன்?"

"அறுபத்தஞ்சுலதான்."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார். அழுகை வரவேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்றும் வரவில்லை, உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

"நாப்பது நாள் பழகினோமேங்க" என்றாள் அவள், அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில்.

அவர் தம்ளரைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு விழத் தெரியலை."