ரெண்டு பிராசஸர் மிஷின்

"இன்னா தீனா, அந்த மிஷின உன் பேருக்கு எழுதி வாங்கிட்டியா?"

சங்கமித்ராவுக்கு அலுத்துவிட்டது. காலையிலிருந்து கேட்கிறாள். அவன் எழுந்தால்தானே!

கல்மண்டபம் பக்கத்தில், ஒரு மாடியில் ஒரே அறைதான் கம்பெனி. பிராசஸர் இரண்டு உள்ள கம்ப்யூட்டர் மிஷினும் ஒன்றே ஒன்று. துறைமுகத்தின் இரண்டு கேட்டிலும் நுழையும் லாரிகளை எண்ணும் புரோகிராமை, லினக்ஸின் உள்மையமான கெர்னலுக்குள் எழுதியிருந்தாள் அவள். நாளைக்கு டெமோ. இன்னொரு தப்பு வந்தால் அவளுக்கு வேலை இல்லை என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஒரு தரமாவது அந்த மிஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா?

"கொஞ்சம் இரு மித்ரா. இன்னும் முடியல."

"புரோகிராம்லயும் எதுக்கெடுத்தாலும் லாக்கு போட்டு, ஒண்ணு முடியற வரைக்கும் மத்த எல்லாத்தையும் வெளிய நிக்க வைக்கிற. இங்கயும் அதே புத்தி! ஒரு எண்ணக் கூட்டறதுக்கு லாக்கு எதுக்கு? ஒரே ஒரு வரி!"

"வரி ஒண்ணுதான். மிஷினு எடுக்கும், கூட்டும், திருப்பி வைக்கும். நடுவுல இன்னொரு பிராசஸர் பூந்து அதே எண்ண எடுத்துட்டா?"

"என் மிஷின்ல ஒரு வாட்டிகூட தப்பு வரல."

பொறுக்க முடியாமல் முதலாளி ஜோபினிடம் போய்ச் சொல்லிவிட்டாள். நாகர்கோவில்காரர். அவர் குரல் கீழே தெரு வரைக்கும் கேட்கும்.

"ஏலே தீனா, அப்படி என்னத்தலே ஓட்டுத?"

"எம் புரோகிராம்தான் சார்."

"ஒனக்கு அடுத்த மாசம்லா டெமோ! எந்திலே. அடுத்த புராஜெக்டுக்கு நீ லீடு கிடையாது, பாத்துக்க."

சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினார்.

ஜெயித்த சந்தோஷம்கூட வரவில்லை அவளுக்கு. அவ்வளவு அசதி. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

தீனா குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டு கேட்லயும் ஒரே சமயத்துல லாரி வந்தா, எப்பவாச்சும் ஒண்ணு கணக்குல வுட்டுப்பூடுது. உன் மிஷின்ல ஒரே பிராசஸர், அதான் தெரியல."

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். "லாக்கு போட்டுடவா?"

"வாணாம். நீ சொன்னது கரீக்டு, அதுக்குப் போய் லாக்கு எதுக்கு? அந்த வரிய அடாமிக்கா மாத்து. மூணு வேலையும் ஒரே மூச்சுல முடிஞ்சிடும், நடுவுல எவனும் பூர முடியாது."

"நீ எப்ப இத்தப் பார்த்த?"

"காலைலேர்ந்து இதுல இன்னா ஓடிகினு இருந்துச்சுன்னு நெனச்ச?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார் வர்றாரு, சீக்கிரம் மாத்து. அவருக்கு, காலைலேர்ந்து ஓடுனது எம் புரோகிராமாவே இருக்கட்டும்."